தலைமடைக்காரர்கள்

மன்னார்குடிக்காரனோடு காரில் போனால் வழியில் ஆறு எதுவும் குறுக்கிடக் கூடாது. குறுக்கிட்டால் அன்றைய திட்டம் அவ்வளவுதான். வண்டியை ஓரங்கட்டச் சொல்வான். பாலத்துச் சுவரில் கையூன்றிக் கீழே பார்ப்பான். "தண்ணி போவுது பாரு" என்பான். பிறகு காவிரி. 1991 இடைக்காலத் தீர்ப்பில் தொடங்கினால் 1924 ஒப்பந்தம், 1892 ஒப்பந்தம் என்று பின்னோக்கிப் போய்க் கரிகாலனில்தான் நிற்பான். அப்படிப்பட்டவனைக் கூட்டிக்கொண்டு, ஓர் ஆற்றின் கரையோடேயே முன்னூறு மைல் தெற்கே போகலாம் என்று 1998 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு யோசனை சொன்னவன் கோவில்பட்டிக்காரன். ஆறே பார்க்காமல் வளர்ந்தவனுக்கு அந்த ஆபத்து தெரியவில்லை.

ஃபீனிக்ஸில் ஒரே அபார்ட்மென்டில் மூன்று பேர் இருந்தோம். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதை 1900 என்று நினைத்துக் குழம்பிவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலம். அந்தப் பயத்திலிருந்து எங்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. மன்னார்குடிக்காரன் கடைமடைப் பாசனத்தில் வளர்ந்தவன். தண்ணீர் அவனுக்கு உரிமை. கோவில்பட்டிக்காரனுக்குக் கரிசல் காடு. தண்ணீர் என்றால் மழை, வந்தால் உண்டு. நான் சைதாப்பேட்டை. எனக்குத் தண்ணீர் லாரியில் வரும். இந்த மூன்று பேரும் புளியோதரைப் பொட்டலமும் காகித வரைபடமுமாகக் கொலராடோ ஆற்றைப் பார்க்கக் கிளம்பினோம்.

2022இல், அதே விடுமுறையில், அதே சாலையில் மறுபடியும் போனோம். இம்முறை மின்சாரக் கார். புளியோதரைக்குப் பதில் இரத்த அழுத்த மாத்திரைகள். மன்னார்குடிக்காரனுக்குச் சாண்ட்லரில் சொந்த வீடு. கொல்லையில் நீச்சல் குளம். அந்தக் குளத்தில் அவன் இறங்கி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்காகக் கட்டியது, பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள், குளத்தை மட்டும் சுத்தமாக வைத்திருக்கிறான்.

முதலில் ஹூவர் அணை. 1998இல் நெடுஞ்சாலை அணையின் தலை மேலேயே போனது. லாரிகளுக்கும் சுற்றுலா பஸ்களுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். அதனால் நன்றாகப் பார்க்கக் கிடைத்தது. 726 அடி உயரம், இந்தப் பக்கம் அதல பாதாளம், அந்தப் பக்கம் கிட்டத்தட்ட விளிம்பைத் தொடும் நீலத் தண்ணீர். நீர் உள்வாங்கும் கோபுரங்களில் இரண்டு கடிகாரங்கள்: ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். மன்னார்குடிக்காரன் அணையின் திறப்பு விழா ஆண்டைக் கேட்டான். 1935 என்றார் வழிகாட்டி. "எங்க மேட்டூர் இதுக்கு ஒரு வருஷம் மூப்பு" என்று அவருக்குத் தமிழிலேயே தெரிவித்துவிட்டு, அடுத்த கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டான்: பாசனத்துக்கு எந்தத் தேதியில் திறப்பீர்கள்?

வழிகாட்டிக்குக் கேள்வியே புரியவில்லை. தேதியா? கீழே இருக்கும் விவசாயிகள் தங்களுக்கு எந்த நாள் எவ்வளவு வேண்டும் என்று பாசன அலுவலகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அதைக் கூட்டி அணைக்குச் சொல்வார்கள், அதற்கேற்ப விடுவோம் என்றார். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று ஊரே வானொலி முன்னால் உட்கார்ந்திருக்கும் வீட்டிலிருந்து வந்தவன் வாயடைத்துப் போனான். "ஃபோன் பண்ணா தண்ணி வருதாம்டா" என்று அன்று இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆகஸ்டில்தான் டெல்லியில் காவிரி நதிநீர் ஆணையம் அமைத்திருந்தார்கள். பிரதமர் தலைமையில் நான்கு முதலமைச்சர்கள். ஃபோன் வசதி அவர்களுக்கும் இருந்தது.

இப்போது நெடுஞ்சாலை அணைமேல் போவதில்லை. 2010இல் திறந்த பெரிய பாலம் ஒன்று, ஆற்றுக்கு மேலே சுமார் 900 அடியில், அணையைத் தாண்டிக்கொண்டு போகிறது. பக்கச் சுவர்களைக் காருக்குள்ளிருந்து அணை தெரியாத உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். தெரிந்தால் எல்லோரும் மன்னார்குடிக்காரன் ஆகிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும். கீழே இறங்கி, காவலர்களின் சோதனையைக் கடந்து, பழைய இடத்தில் போய் நின்றோம். கோபுரங்கள் முன்பைவிட உயரமாகத் தெரிந்தன. ஏரி 170 அடி அளவுக்கு இறங்கியிருந்தது. பாறைச் சுவர் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம். குளியல் தொட்டி வளையம் என்று உள்ளூரில் பெயர். அந்த ஆண்டு மே மாதம், வற்றிய சேற்றிலிருந்து ஒரு பீப்பாய் வெளியே வந்தது. உள்ளே எழுபதுகளிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ சுடப்பட்ட ஒருவரின் எலும்புகள். லாஸ் வேகாஸ் பக்கத்தில்தானே. ஏரியை நம்பி அதில் ஒளித்தவர்கள் நீர்மட்டத்தை யோசிக்கவில்லை.

கோவில்பட்டிக்காரன் கைபேசியில் கணக்குப் போட்டான். இந்த நாட்டில் தண்ணீரை ஏக்கர்-அடியில் அளக்கிறார்கள். பத்து லட்சம் ஏக்கர்-அடி என்பது 43.56 டி.எம்.சி. "அன்னைக்கு நாம பாத்தப்ப இந்த ஏரி பன்னெண்டு மேட்டூர் கொள்ளளவு, முக்காலே மூணு வீசம் நெறஞ்சு கெடந்துச்சு. இன்னைக்கு இருக்கிறது மூணரை மேட்டூர்." அதோடு விட்டிருக்கலாம். ஏழு மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் சேர்த்து இந்த ஆற்றில் தாளில் பங்கு போட்ட மொத்தத் தண்ணீர் 165 லட்சம் ஏக்கர்-அடி என்று படித்தவன், அதையும் பெருக்கிப் பார்த்தான். 719 டி.எம்.சி.

மன்னார்குடிக்காரன் நம்பவில்லை. காவிரியில் மொத்தம் 740 என்று நடுவர் மன்றம் சொன்ன கணக்கு அவன் மனப்பாடம். நான்கு கோடி மக்களும் ஏழு மாநிலங்களும், லாஸ் ஏஞ்சலஸும் ஃபீனிக்ஸும் நம்பியிருக்கும் இந்தப் பிரம்மாண்டமான ஆறு காவிரியைவிடச் சின்னதா? மறுபடி பெருக்கச் சொன்னான். பெருக்கினாலும் அதுதான் வந்தது. அதுவும் தாளில். 1922இல் பங்கு பிரித்தவர்கள் கையில் இருந்தது வழக்கத்தைவிட ஈரமான ஆண்டுகளின் அளவு. 2000க்குப் பிறகு ஆற்றில் இயல்பாக வந்த சராசரி ஏறத்தாழ 540 டி.எம்.சி.தான். இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதன் மேல் நகரங்களைக் கட்டியிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தப் பேச்சுக்குத் தலைமை வகித்த வணிக அமைச்சரின் பெயர்தான் பின்னால் அணைக்கு. ஹூவர்.

லாஃப்லினின் சூதாட்ட விடுதிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன, அன்றும் இன்றும் கோவில்பட்டிக்காரன் இருபது டாலர் தோற்றான்.

ஹவாசு ஏரிக்கரையில் லண்டன் பாலம் இருக்கிறது. கதையில்லை, தேம்ஸ் நதியின் மேல் நின்ற அதே பாலம். 1968இல் ஒரு தொழிலதிபர் சுமார் 24.6 லட்சம் டாலருக்கு வாங்கி, கல்லுக்குக் கல் எண் போட்டுக் கப்பலில் கொண்டுவந்து, பாலைவனத்து நிலத்தில் நிறுத்தினார். பாலம் நின்ற பிறகு அதற்குக் கீழே கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். மனை விற்பனைக்காகச் செய்தது, மனைகள் விற்றன. 1998இல் நாங்கள் மூவரும் அதன்மேல் நின்று எடுத்த படத்தில் பின்னால் யூனியன் ஜாக் பறக்கிறது. ஆற்றை முன்வைத்துப் பாலம் கட்டுவது ஏழைகளின் பழக்கம் என்று அப்போது தோன்றியது.

பார்க்கர் அணைக்கு வந்தபோதுதான் மன்னார்குடிக்காரன் உண்மையிலேயே உயிர்பெற்றான். அன்றும் அப்படித்தான். உலகின் மிக ஆழமான அணை என்று சொல்கிறார்கள்: 320 அடி உயரத்தில் 235 அடி ஆற்றுப் படுகைக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. அவனைக் கவர்ந்தது அதுவல்ல. 1934இல் இந்த அணையைக் கலிஃபோர்னியாவுக்காகக் கட்டத் தொடங்கியபோது, எங்கள் ஆற்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அரிசோனாவின் ஆளுநர் மோயர் கொதித்துப்போனார். மாநிலப் படையை அனுப்பினார். வேவு பார்க்க உள்ளூர்ப் படகுகளில் போனவர்கள் கம்பிவடத்தில் சிக்கிக்கொள்ள, எதிரி மாநிலத்தின் பணியாட்களே வந்து மீட்டதாகச் சொல்வார்கள். பத்திரிகைகள் அதை 'அரிசோனா கடற்படை' என்று கேலி செய்தன. மோயர் பின்வாங்கவில்லை. அந்த நவம்பரில் ராணுவச் சட்டம் அறிவித்து மறுபடி ஆட்களை அனுப்பி, வேலையை நிறுத்தினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அரிசோனா பக்கமே தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டத் தொடங்கியிருந்தார்கள். சில மாதங்களில் நாடாளுமன்றம் அனுமதித்துவிட்டது.

"ஆம்பள" என்றான் மன்னார்குடிக்காரன் 1998இல், ஆளுநரைப் பற்றி. ஃபீனிக்ஸ் திரும்பியதும் அப்பாவுக்கு இந்தக் கதையை இன்லண்ட் லெட்டர் அளவுக்குச் சுருக்க முடியாமல் கவரில் எழுதினான்.

அதே அணை தேக்கிய ஹவாசு ஏரியிலிருந்துதான் ஃபீனிக்ஸின் தண்ணீரில் ஒரு பங்கு வருகிறது என்பது அப்போதும் உண்மைதான். மத்திய அரிசோனா கால்வாய், 336 மைல், 1993இல்தான் முடிந்தது. படை அனுப்பித் தடுத்த அணையின் முதுகில் பம்பு வைத்து, மலையைக் குடைந்து, டூசான் வரை கிட்டத்தட்ட 2,900 அடி மேலேற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் அபார்ட்மென்டில் நாங்கள் சாம்பார் வைத்ததில் அந்தத் தண்ணீரும் கலந்திருக்கும். அப்போது அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குழாயைத் திறந்தால் வந்தது.

கால்வாய்க்கு ஒரு விலை இருந்தது. 1968இல் அதற்கு ஒப்புதல் வாங்குவதற்காக, பஞ்சம் வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பிறகே எங்களுக்கு என்று அரிசோனா கையெழுத்துப் போட்டுவிட்டது. 2022இல் முதன்முறையாகத் தட்டுப்பாடு அமலுக்கு வந்தபோது அரிசோனா இழந்தது 5,12,000 ஏக்கர்-அடி, அதாவது 22 டி.எம்.சி. கலிஃபோர்னியா ஒரு சொட்டும் இழக்கவில்லை. அடி வாங்கியவர்கள் பீனல் மாவட்டத்து விவசாயிகள். சாண்ட்லர் நீச்சல் குளங்களின் நீர்மட்டம் குறைந்ததாகத் தகவல் இல்லை.

பார்க்கருக்குத் தெற்கே ஆற்றோரம் பழங்குடியினரின் நிலம். 1865இல் ஒதுக்கியது, மொஹாவே, செமெஹுவேவி, ஹோப்பி, நவஹோ என்று நான்கு மக்கள். இந்த ஆற்றில் ஏறக்குறைய எல்லோருக்கும் மூத்த நீருரிமை இவர்களுடையது, ஆண்டுக்கு 7 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல். 1922இல் பங்கு பிரித்த மேசையில் இவர்களுக்கு நாற்காலி போடவில்லை. உச்ச நீதிமன்றம் இவர்களின் அளவைச் சொன்னது 1963இல். இந்த முறை நாங்கள் போய்வந்த சில வாரங்களில்தான், தங்கள் தண்ணீரை வெளியாருக்குக் குத்தகைக்கு விடும் உரிமை சட்டமாக இவர்களுக்குக் கிடைத்தது. இதே நிலத்தில் போஸ்டன் என்ற ஊரில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்திருந்தார்கள். பழங்குடி மன்றம் வேண்டாம் என்று சொல்லியும் முகாம் வந்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அன்றைக்கு அரிசோனாவின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான். வாய்க்கால் வெட்டவும் நிலம் திருத்தவும் அவர்கள் உழைப்பு பயன்படும் என்ற கணக்கும் அந்த இடத்தைத் தேர்ந்ததில் இருந்தது. 1998இல் நினைவுத் தூணை ஏதோ கோயில் என்று நினைத்துக் கடந்து போனோம். இந்த முறை இறங்கினோம். மன்னார்குடிக்காரன்கூடப் பேசவில்லை.

பிளைத் ஊரைச் சுற்றிக் குதிரைமசால் வயல்கள். லேசர் வைத்துச் சமன் செய்த நிலம். ஒரு முனையில் மடையைத் திறந்தால் மறுமுனை வரை தகடாகத் தண்ணீர் ஓடும். ஆண்டு மழை மூன்று நான்கு அங்குலம், ஆண்டுக்கு அறுவடை ஏழெட்டு. நீருரிமை 1877லிருந்து. முன்பு வந்தபோது வெறும் நிலமே கண்ணில் படவில்லை. பாலைவனத்தைப் பார்க்க வந்தோம், பச்சையாகவே இருக்கிறதே என்று கோவில்பட்டிக்காரன் குறைப்பட்டான். இப்போது ஊடே ஊடே தரிசு. பூச்சியோ நோயோ அல்ல. பயிரிடாமல் விடும் நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் குடிநீர் வாரியம் பணம் கொடுக்கிறது. மிஞ்சும் தண்ணீர் நகரத்துக்கு.

"வெதைக்காம இருந்ததுக்குக் காசா?" என்றான் மன்னார்குடிக்காரன். அவன் ஊரில் சம்பா கருகினால் நிவாரணம் கேட்டுத் தாலுகா அலுவலக வாசலில் உட்கார வேண்டும். அங்கே வெயிலுக்குப் பந்தலும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

விளைவதும் எல்லாம் உள்ளூர் மாட்டுக்கு இல்லை. நிலத்தடி நீர் வற்றுகிறது என்று தன் நாட்டில் பசுந்தீவனம் பயிரிடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது சவுதி அரேபியா. அங்குள்ள பெரிய பால் நிறுவனம் 2016இல் பிளைத் பக்கம் நிலம் வாங்கியது. கட்டுக் கட்டாகத் தீவனம் கப்பலேறிப் போகிறது. தண்ணீரை ஏற்றுமதி செய்ய இந்த நாட்டில் எவ்வளவோ சட்டச் சிக்கல். புல்லாக்கி அனுப்பினால் ஒன்றுமில்லை. பதிலுக்கு, 1927இல் மொராக்கோவிலிருந்து வந்த பதினோரு மெஜூல் பேரீச்சைக் கன்றுகளின் வம்சம் யூமா பக்கம் தோப்புத் தோப்பாக நிற்கிறது. அதில் மில்க் ஷேக் போட்டுத் தருகிறார்கள். மூவருக்கும் சர்க்கரை இருந்தும் குடித்தோம்.

யூமா. குளிர்காலத்தில் இந்த நாடு தின்னும் கீரை வகையில் பெரும்பங்கு, பத்தில் ஒன்பது என்று பெருமையாகச் சொல்கிறார்கள், இங்கிருந்துதான். விடியும் முன்பே எல்லைக்கு அப்பாலிருந்து ஆட்கள் வரிசையில் நின்று வந்து, பழைய பள்ளிக்கூட பஸ்களில் வயலுக்குப் போய், குனிந்தபடி லெட்டூஸ் அறுக்கிறார்கள். வயலிலேயே பெட்டியில் அடைத்து மாலைக்குள் லாரி ஏறிவிடும். இது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றாகவே இருந்தது. முதுகுகள்தான் வேறு.

யூமாவில் நான் மனதாரப் பரிந்துரைக்கும் காட்சி, உப்பகற்றும் ஆலை. அறுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் பாசனப் பகுதியின் உப்பு வடிகாலை ஆற்றில் விட்டு, மெக்சிகோவின் பயிர்களைக் கருக்கினார்கள். பன்னிரண்டு ஆண்டு தகராறுக்குப் பிறகு, 1973இல், இனி நல்ல தண்ணீர் தருகிறோம் என்று ஒப்பந்தம். அதற்காக 25 கோடி டாலர் அளவில் செலவழித்து இந்த ஆலையைக் கட்டி முடித்தது 1992இல். மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், 1993 வெள்ளம் வடிகாலை உடைத்தது, நிறுத்தினார்கள். 2010இல் ஓராண்டு சோதனை ஓட்டம். மற்றபடி தூசி தட்டி வைத்திருக்கிறார்கள். இதற்கிடையே, ஆலை வரும்வரை என்று தற்காலிகமாகத் திருப்பிவிட்ட உப்பு வடிகால் மெக்சிகோவில் ஒரு சதுப்பு நிலத்தை உண்டாக்கிவிட்டது. பல ஆயிரம் ஏக்கர் நாணல், அரிய நீர்க்கோழிகள், பறவை ஆர்வலர்கள். ஆலை ஓடினால் சதுப்பு சாகும். ஆகவே ஆலை ஓடாமல் இருப்பதே இப்போது சூழலியல் சேவை. எங்கள் மூவரின் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு பயனுள்ள எதையும் சும்மா இருந்து நாங்கள் சாதித்ததில்லை.

1998இல் யூமாவோடு திரும்பிவிட்டோம். எல்லையைத் தாண்டினால் திரும்பி வர விடுவார்களோ என்று விசாத் தாளை நினைத்துப் பயம். பழைய பாலத்தில் நின்று பார்த்தோம். ஆறு நல்ல அகலமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. "கடலுக்குத்தான் போவுது. இவ்வளவு எடுத்தும் கடைமடைக்கு விட்டிருக்கான் பாரு. இவன் நாகரிகம் தெரிஞ்சவன்" என்று மன்னார்குடிக்காரன் அமெரிக்காவுக்குச் சான்றிதழ் வழங்கினான்.

2022இல் மூவர் கையிலும் அமெரிக்கப் பாஸ்போர்ட். மன்னார்குடிக்காரனுக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் வேறு பாக்கி. யூமாவுக்கு எதிரே எல்லையோரம் லோஸ் அல்கோடோனெஸ் என்று ஒரு சின்ன ஊர். தடுக்கி விழுந்தால் பல் மருத்துவர் மேல்தான் விழ வேண்டும். அமெரிக்காவில் கேட்ட தொகையில் சிறு பகுதிதான் செலவு. குவெச்சான் பழங்குடியினர் நடத்தும் நிறுத்துமிடத்தில் காரை விட்டு நடந்தோம். பக்கத்திலேயே பெரிய வாய்க்கால் ததும்பிக்கொண்டு மேற்கே போகிறது. இம்பீரியல் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு. ஆண்டுக்கு 135 டி.எம்.சி. வரை அந்த ஒரு பாசன மாவட்டத்துக்கே உரிமை.

பல் வேலை முடிந்து, பாதி முகம் மரத்துப்போய் வெளியே வந்தவனை டாக்சியில் ஏற்றி மொரேலோஸ் அணைக்குப் போனோம். ஒரு மைல் இருக்கும். மெக்சிகோ கட்டிய தடுப்பணை, 1950. ஒப்பந்தப்படி வரும் 65 டி.எம்.சி.யில் பெரும்பகுதியை இங்கே மெக்சிகாலி வாய்க்காலுக்குத் திருப்பிக்கொள்கிறார்கள். அணைக்குக் கீழே ஆறு இல்லை. கசிந்த குட்டை, புதர், பிறகு மணல். கடல் இன்னும் நூறு மைலுக்கு அப்பால். 2014 வசந்தத்தில் இரு நாடுகளும் பேசிச் சில வாரங்களுக்குத் தண்ணீர் விட்டார்களாம், நாலரை டி.எம்.சி. தன் பிள்ளைகள் முதன்முறையாக ஆற்றைப் பார்த்தது அப்போதுதான் என்றார் ஓட்டுநர். ஊரே இறங்கி ஆடியதாம்.

மன்னார்குடிக்காரன் பாலத்துச் சுவரைத் தேடினான். இல்லை. கரையிலேயே நின்று, மரத்த வாயை அசைத்து ஏதோ கேட்டான். முன்பு யூமாவில் பார்த்தது என்னாயிற்று என்று கேட்கிறான் என்பது எங்களுக்குப் புரிந்தது.

"அது உபரிலே" என்றான் கோவில்பட்டிக்காரன். "அந்த வருசங்கள்ல மேல பனியும் மழையும் சாஸ்தி. ஏரி தாங்காம தெறந்து விட்டாங்க. நாம பாத்தது அதுதான்." உபரி என்ற சொல்லைக் கேட்டதும் மன்னார்குடிக்காரன் முகத்தின் உணர்ச்சியுள்ள பாதி மட்டும் சுருங்கியது. அணை நிரம்பி வழிந்தால் மட்டும் விடுகிறார்கள் என்று பெங்களூர்க்காரர்களிடம் அவன் போட்ட சண்டைகளுக்கு அலுவலகமே சாட்சி.

கோவில்பட்டிக்காரன் அதோடு விடவில்லை. "இந்த ஆத்துல நாமதாம்லே கர்நாடகா."

ஒன்றரை நாளாக ஓயாமல் பேசியவன் பேச முடியாமல் நின்றான். கையை ஆட்டினான், எச்சிலைத் துடைத்தான், கைபேசியை எடுத்து ஒரு விரலால் தட்டி எங்கள் முன் நீட்டினான்: 'கர்நாடகா வருசத்துக்கு 177 தரணும்னு கோர்ட்டு சொல்லியிருக்கு.'

"இவங்களுக்கு 65. அதைக் கணக்கா விடுதோம். உன் நீச்சல் குளம் அதுல வராது."

மறுபடி தட்டினான். இம்முறை நேரமெடுத்தது, இரண்டு தடவை அழித்து எழுதினான்.

'அடுத்த வாரம் கிரவுன் வைக்க வரணும். அப்ப பதில் சொல்றேன்.'